சுட்ட வீடும் உவர் மண்ணும்

மரக்காணத்து உப்பளங்களில் கதிரவனே சூளை. பாத்தியில் தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு மணிமணியாய் விளைகின்றது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி வட்டாரத்தில், நெருப்பைக் கொண்டு வீட்டையே ஒரு மட்கலம்போல் சுட்டெடுத்தார் ஒரு கலைஞர். 1971இல் டெபோரா ஸ்மித்துடன் இணைந்து கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவிய அமெரிக்கர் ரே மீக்கரே அவர். ஈரானில் மண்வீடுகளைச் சுட்டு உறுதியாக்க முயன்ற கட்டடக் கலைஞர் நாதிர் கலீலியின் வழியில், 1980களில் அவர் இம்முயற்சியில் இறங்கினார்.

பச்சைச் செங்கல்லும் சேற்றுக் குழம்பும் கொண்டு வளைந்த கூரையுடன் வீட்டை எழுப்புவர். உள்ளே சுடாத செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, நாள்கணக்கில் எரிப்பர். ஆறியபின் பார்த்தால், வீடும் வெந்திருக்கும். உள்ளிருந்த சரக்கும் வெந்திருக்கும்.

2008ஆம் ஆண்டளவில் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ, புதுச்சேரியில் வீடற்ற சிறுவர்களுக்கான இல்லங்களை இம்முறையில் அமைத்தார். மிதிவண்டிச் சக்கர வளையங்கள் கட்டும்போது அச்சாக நின்று, பின்னர் சாளரங்களாயின. கண்ணாடிப் புட்டிகள் சுவரில் செங்கல்லின் பணியைச் செய்தன.

இவற்றைப் புதுமை என்று மட்டும் போற்றினால் போதாது. எதிர்பாராத பொருளைக் காட்டி வியக்கவைப்பது எளிது. அவ்வியப்பு நெடுநாள் நில்லாது. இங்கோ அச்சக்கரம் வீட்டிற்கு வேண்டிய ஒரு வேலையைச் செய்கின்றது. அதன் அழகு அவ்வேலையிலிருந்தே பிறக்கின்றது. மேலும், செலவில் பெரும்பங்கு சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகாமல் உழைப்போர் கூலியாக ஊரிலேயே தங்குகின்றது. கலையை மதிப்பிடுவோர் இதனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

குறையும் உண்டு. உள்ளே சுட்ட சரக்கு விலைபோகாவிடில், எரிபொருட்செலவு முழுதும் வீட்டின் தலையிலேயே விழும். தகுந்த களிமண்ணும் வேண்டும். உவர்மண்ணில் அறுத்த செங்கல், சுட்டபின்னும் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். எனவே உப்பளத் தொழிலாளியின் குடியிருப்புக்கு இவ்வீட்டை அப்படியே பெயர்த்துவைக்க இயலாது.

ஆயினும் இம்முயற்சியின் அடிப்படைக் கேள்வி அங்கும் பொருந்தும். இந்த மண் எதைத் தரும், எதைத் தாங்கும்? உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் அக்கரையில் நின்று இதனைக் கேட்டு, அவ்விடத்துப் பொருளிலேயே விடை தேடுபவர் மீக்கரின் வடிவத்தைப் பின்பற்றாவிடினும் அவரது கலையைப் பின்பற்றியவராவார்.