கை ராசியும் எல்.எம்.317-ம்

போன வாரம் தல்லாகுளத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கையில் சின்ன போர்டோடு வந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. லேசர் ஒளியில் பாட்டை அனுப்பும் ப்ராஜெக்ட். "லைட்டு வருதுண்ணே, ஆனா சுவத்துல புள்ளியா விழ மாட்டேங்குது. இது மூணாவது டயோடு. எனக்குக் கை ராசி இல்லண்ணே."

பார்த்ததும் தெரிந்துவிட்டது. லேசர் டயோடு செத்தாலும் இருட்டாகிவிடாது, எல்.இ.டி. மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். சர்க்யூட்டை அவனுக்கு வரைந்து கொடுத்தவன் நான். ஆகவே இந்த விமர்சனம் என்மேலும்தான்.

எல்லோரும் வரையும் அதே படம்தான்: எல்.எம்.317 ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், டயோடுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லேசர் டயோடுக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்திப் பயனில்லை. அது துளி ஏறினாலும் கரண்ட் தாவிவிடும். கரண்டைத்தான் பிடிக்க வேண்டும். இந்த ஐ.சி. தன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 1.25 வோல்ட்டை விடாமல் வைத்திருக்கும். நடுவில் 39 ஓம் போட்டால் சுமார் 32 மில்லி ஆம்பியர். 5 மில்லிவாட் சிவப்பு டயோடுக்கு அது ஏறக்குறைய சரி. ஒரே வகுத்தலில் முடிகிற அழகான யோசனை.

குறை எங்கே என்றால், எதை எதோடு இணைப்பது என்று படம் சொல்கிறது, எந்த வரிசையில் என்று சொல்வதில்லை. பையன் 9 வோல்ட் சப்ளை ஓடும்போதே டயோடைக் கழற்றி மாட்டியிருக்கிறான். டயோடு இல்லாத நேரத்தில் கரண்ட் போக வழியில்லை; கெப்பாசிட்டர் 7 வோல்ட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மறுபடி மாட்டியதும் அத்தனையும் 2 வோல்ட் சொச்சத்தில் வேலை செய்யும் டயோடுக்குள் ஒரே மூச்சில் பாயும். மல்டிமீட்டர் முள் அசைவதற்குள் கதை முடிந்துவிடும். காப்பாற்ற வைத்த கெப்பாசிட்டரே கொன்றிருக்கிறது. இதில் கை ராசிக்கு என்ன வேலை?

இரண்டாவது, ரெசிஸ்டருக்குப் பதிலாக வெறும் பாட் போடுவது. கடைசிவரை திருகினால் தடை பூஜ்யம். அப்புறம் பிடிக்க ஆளில்லை. பாட்டோடு தொடராக ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். மூன்றாவது, 5 வோல்ட் மொபைல் சார்ஜர். டயோடுக்கு 2.2, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்குக் கிட்டத்தட்ட 3. கூட்டினால் ஆறரை வருகிறது. 5 வோல்ட்டை நம்பக் கூடாது.

நான்காவது நம்ம ஊர்ப் பிரச்சினை. 1962-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழு செய்த முதல் டயோடு லேசர், திரவ நைட்ரஜன் குளிரில், அதுவும் துடிப்புத் துடிப்பாகத்தான் ஒளிர்ந்தது. அறை வெப்பத்தில் விடாமல் ஒளிர 1970 ஆனது. இன்றும் பல மலிவு டயோடுகளுக்கு 40 டிகிரிதான் மேல் எல்லை. மதுரை சித்திரை வெயிலில், மாடி அறையில், அது எல்லையே இல்லை; சாதாரண மத்தியானம். சூடு ஏற ஏற, லேசர் தொடங்கத் தேவையான கரண்டும் ஏறும், ஒளி குறையும். உடனே பாட்டைத் திருகிக் கரண்டைக் கூட்டினால் இன்னும் சூடு. அந்த நேரத்தில் திருகாதீர்கள். உலோகத் துண்டில் பொருத்தி ஆறவிடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் லேசரை மாட்டாமல், மூன்று 1என்4007 டயோடுகளையும் ஒரு 1 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போடுங்கள். அந்த ரெசிஸ்டரில் 32 மில்லிவோல்ட் காட்டினால் 32 மில்லி ஆம்பியர். பிறகு சப்ளையை அணைத்து, கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்து, அப்புறம் லேசர்.

பழைய டிவிடி ரைட்டர் டயோடைப் போடலாமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். கண் சிமிட்டித் தப்பிப்பதெல்லாம் 1 மில்லிவாட் வரைதான். அது நூறைத் தாண்டும். டயோடு போனால் வேறு வாங்கலாம்.

படத்தை மறுபடி வரைந்து, ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசையையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே எழுதியிருக்கலாம்லண்ணே" என்றான். எழுதியிருக்கலாம்தான்.