ராண்டோ ஜெயிக்க வைத்த பெட்

2012 மே 26. பாஸ்டன் செல்டிக்ஸ் 85, ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்சர்ஸ் 75. என்பிஏ கிழக்குப் பிரிவு அரையிறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். முடிவு தெரிந்ததுதான். ஆனாலும் ‘அன்கட் ஜெம்ஸ்’ (2019) படத்தில் அந்த ஆட்டம் டிவியில் ஓடும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். அதுவும் யாருக்காக? ஹோவர்டு ராட்னர் மாதிரி ஒரு ஆளுக்காக.

நியூயார்க் வைரத் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஹோவர்டு, தலையில் மிளகாய் அரைக்க சொந்த பந்தம் பார்க்க மாட்டான். சொந்தக்காரனிடமே 1,00,000 டாலர் கடன். எத்தியோப்பியாவிலிருந்து அவன் தருவித்த கருப்பு ஓப்பல் கல்லில் செல்டிக்ஸ் வீரர் கெவின் கார்னெட் சொக்கிப்போகிறார். குனிந்து பார்க்கிற வேகத்தில் கண்ணாடி மேசையே நொறுங்குகிறது. ராசிக்கு வைத்துக்கொள்ளக் கல்லைக் கொடுத்துவிட்டு, ஈடாக அவருடைய 2008 சாம்பியன் மோதிரத்தை வாங்குகிறான் ஹோவர்டு. அவர் படியிறங்கியதும் மோதிரம் அடகுக்கடைக்குப் போகிறது. அடகுப் பணம் அவர் ஆட்டத்தின் மேலேயே பெட்டாகிறது. நம்மூரில் இதை ‘ரொட்டேஷன்’ என்பார்கள். கல் ஏலத்துக்கு வரும்போது விலையை ஏற்றிவிட மாமனாரையே கேட்க வைக்கிறான்.

ஹோவர்டாக நடிக்கும் ஆடம் சாண்ட்லர் இவனுக்காக நம்மிடம் இரக்கம் யாசிக்கவே இல்லை. சோகமான பால்யம் கிடையாது, ஏழைக்கு உதவுகிற காட்சி கிடையாது. வாய் மட்டும் ஓயாது.

ஆனால் பெட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆள் அத்தனை முட்டாளில்லை. அவன் கட்டுவது மூன்றைக் கோத்த பந்தயம். தொடக்கப் பந்து செல்டிக்ஸுக்கு, கார்னெட்டின் புள்ளியும் ரீபவுண்டும் சேர்ந்து இன்ன எண்ணைத் தாண்டும், ஆட்டமும் செல்டிக்ஸுக்கு. மூன்றும் பலித்தால் தொகை பெருகிக்கொண்டே போகும், ஒன்று தப்பினாலும் மொத்தமும் காலி. இதில் முதலாவது கிட்டத்தட்ட டாஸ். இரண்டு நெட்டையர்கள் குதிக்கிற அரை விநாடியை நம்பிப் பணம் கட்டுகிறவனை எந்த புக்கியும் காபி கொடுத்து உட்கார வைப்பான். மற்ற இரண்டும் கணக்கு. தொடரின் நடுவில் 36 வயதைத் தொட்ட கார்னெட் மூன்றாவது ஆட்டத்தில் 27 புள்ளி, 13 ரீபவுண்ட். ஏழாவதில் 18, 13. ஆளைச் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், அன்று பெட்டைக் காப்பாற்றியவர் கார்னெட் மட்டுமல்ல. நான்காவது கால்பகுதியில் பால் பியர்ஸ் ஆறு ஃபவுலோடு வெளியேற, ஆட்டத்தை இழுத்துப் பிடித்தவர் ராஜான் ராண்டோ: 18 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். ஹோவர்டு கல்லை நம்பினான், கார்னெட்டை நம்பினான். ராண்டோ அவன் கணக்கிலேயே இல்லை.

இயக்குநர்கள் ஜாஷ், பென்னி சாஃப்டி சகோதரர்கள் கார்னெட்டின் இடத்துக்கு முதலில் வேறு வீரர்களை யோசித்தவர்கள். ஜோயல் எம்பீடும் அந்தப் பட்டியலில் இருந்தார். ஆடிக்கொண்டிருக்கும் வீரருக்கு சீசனில் கால்ஷீட் ஏது? 2016இல் ஓய்வுபெற்ற கார்னெட்டிடம் வந்தார்கள். கல் கையிலிருந்தால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம் என்ற கதைக்குப் பழைய ஸ்கோர்கார்டில் தோதான தொடர் வேண்டும். 2012 தொடரில் ஒற்றைப்படை ஆட்டங்களை எல்லாம் பாஸ்டன் ஜெயித்தது, இரட்டைப்படையை எல்லாம் தோற்றது. எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதியிருந்தாலும் ‘நம்புற மாதிரி இல்லையே’ என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கடைசி ஆட்டத்துக்கு முன் கார்னெட் கல்லுக்குப் பணம் கட்டுகிறார். கடன்காரர்கள் வாசலில் நிற்க, ஜன்னல் வழியே பணப்பையைக் காதலியிடம் கடத்தி, ஹெலிகாப்டரில் கனெக்டிகட் சூதாட்ட விடுதிக்கு அனுப்புகிறான் ஹோவர்டு. வந்த மூவரையும் கடையின் இரட்டைக் கதவுக்கு நடுவில் பூட்டிவிடுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வேர்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் டிவி முன்னால் இவன் குதிக்கிறான். எனக்கு அவன் மேல் துளி பாசம் வரவில்லை. ஆனால் கார்னெட் ரீபவுண்டுக்கு எம்பியபோது என் கையும் சேர்ந்து மேலே போனது.