இரு யாத்திரை நூல்களில் துன்பமும் விசுவாசமும்

துன்பம் விசுவாசத்தை ஆழப்படுத்தும் என்பது கிறித்தவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. மகனை இழந்த தாய்க்கும் நோயில் கிடக்கும் முதியவருக்கும் இதுவே ஆறுதலாகச் சொல்லப்படுகின்றது. கூற்று பொய்யன்று. ஆயினும் அரைகுறையாகச் சொல்லப்படுமிடத்து அது புண்ணில் வேல் பாய்ச்சுவது போலாகிவிடும். துன்பத்தால் உள்ளம் தளர்ந்தவன், ‘என் விசுவாசம் ஆழப்படவில்லையே, நான் குறையுள்ளவன் போலும்’ என்று தன்னையே நொந்துகொள்வான். ஆதலின் துன்பம் எவ்வாறு விசுவாசத்தை வளர்க்கின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். அதற்குத் துணைபுரியும் நூல்கள் இரண்டு. ஒன்று, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்டதும் தமிழ்க் கிறித்தவர்கள் ‘மோட்சப் பிரயாணம்’ என அறிந்திருப்பதுமான உருவகக் கதை. மற்றொன்று, அதனைத் தழுவி எச். ஏ. கிருட்டிணப்பிள்ளை பாடி, 1894-இல் நூலாக வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’.

பனியனின் கதைத் தலைவன் நாசபுரியை விட்டுப் புறப்படுகின்றான். அண்டை வீட்டான் ஒருவன் வழியின் இன்பங்களைக் கேட்டு மகிழ்ந்து உடன் வருகின்றான். இருவரும் அவநம்பிக்கை என்னும் ஒரே சேற்றில் விழுகின்றனர். அண்டை வீட்டான் தன் வீட்டுப் பக்கமாகவே கரையேறித் திரும்பி ஓடிவிடுகின்றான். தலைவனோ தன் வீட்டிற்கு எதிர்ப்பக்கம் நோக்கித் தத்தளிக்கின்றான். ஈண்டு ஆசிரியர் உணர்த்தும் உண்மை யாது? சேறு இருவர்க்கும் ஒன்றே, பயன் வேறு. துன்பம் தானாகவே யாரையும் பக்தனாக்குவதில்லை. அது மனிதன் எத்திசை நோக்கி நிற்கின்றான் என்பதையே வெளிப்படுத்துகின்றது. மற்றொன்றும் கருதத்தக்கது. தலைவன் தன் வலிமையால் கரையேறவில்லை. உதவி என்னும் பெயருடைய ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகின்றார்.

இக்கருத்தின் உச்சத்தைச் சந்தேகக் கோட்டைப் பகுதியில் காண்கின்றோம். தலைவனும் அவன் தோழன் நம்பிக்கையும் கரடுமுரடான நேர்வழியை வெறுத்து, மென்மையான புல்வெளிப் பாதையில் இறங்குகின்றனர். அப்பாதையே அவர்களை நிராசை என்னும் அரக்கனின் சிறையில் கொண்டு சேர்க்கின்றது. அவர்களைச் சந்தேகத்திற்கு இட்டுச் சென்றது கடினப் பாதையன்று. எளிய பாதையே என்பதை மறத்தலாகாது. புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் ஒளியுமின்றி, அடியுண்டு கிடக்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்டுகின்றான். தலைவன் மனம் தடுமாறுகையில், தோழனே அவனைத் தடுத்து ஆற்றுகின்றான். சனி நள்ளிரவில் வேண்டுதல் செய்யத் தொடங்குகின்றனர். விடியும் வேளையில், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதைத் தலைவன் நினைவுகூர்கின்றான். கதவுகள் திறக்கின்றன.

சிறை அவனுக்குப் புதிய திறவுகோல் எதனையும் தரவில்லை. முன்பே பெற்றிருந்ததைத் தேடச் செய்தது, அவ்வளவே. ஆழமாதல் என்பதன் பொருள் இதுவே எனலாம்.

இதனை எழுதியவர் சிறையை ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர். அரசின் அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றினார் என்று 1660-இல் சிறைப்பட்ட பனியன், 1672 வரை பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தார். நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். அவர்தம் மக்களுள் ஒருத்தி பார்வையற்றவள். மனைவி எலிசபெத் நீதிபதிகளிடம் முறையிட்டும் பயனில்லை. ‘இனிப் பிரசங்கம் செய்யேன்’ என்று ஒரு சொல் கூறியிருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அந்த எளிய திறவுகோலை அவர் கையால் தொடவில்லை. அதனாலன்றோ அவர் வரைந்த மற்றொரு திறவுகோல் நம் உள்ளத்தைத் தொடுகின்றது!

வள்ளுவரும் ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆண்டு இடுக்கணை வெல்வது மனிதனின் உள்ள உறுதி. பனியனிடத்தோ, உள்ள உறுதி உடைந்த பின்னரும் எஞ்சி நிற்கும் இறைவாக்கே வெல்கின்றது. இவ்வேறுபாட்டை உணராதார் கிறித்தவ விசுவாசத்தை வெறும் மனத்திட்பமாகக் கொண்டுவிடுவர்.

இனி, கிருட்டிணப்பிள்ளையிடம் வருவோம். 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அக்காலத்தில் சமயம் மாறுவோர் சுற்றத்தாரின் மனவருத்தத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் ஐந்து பருவங்களாக அமைந்த அவர்தம் காப்பியம் வெறும் மொழிபெயர்ப்பன்று. பனியனின் தலைவன் சிலுவையைக் கண்ட அளவில் அவன் முதுகுச் சுமை விழுகின்றது. ஆசிரியர் அதனைச் சில வரிகளில் முடிக்கின்றார். தமிழ்க் கவிஞரோ, குமார பருவத்தில் கிறித்துவின் பாடுகளையே விரித்துரைக்கின்றார். இடையிடையே தேவாரப் பதிகங்களும் அமைத்துள்ளார்.

இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கற்பாலது. பனியனின் துன்புறுவோன் தன் மார்புக்குள் தேடுகின்றான். கிருட்டிணப்பிள்ளையின் துன்புறுவோன் தன்னினும் மிகுதியாகத் துன்புற்ற ஒருவரை நிமிர்ந்து நோக்குகின்றான். நோக்கியவுடன் அவன் வாய் பாடத் தொடங்குகின்றது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் வளர்த்த பக்தி மரபு ஈண்டுக் கிறித்தவத்திற்கு ஒரு குரலை ஈந்தது எனில் மிகையாகாது.

குறையும் உண்டு. காப்பிய மரபிற்கேற்ற வருணனைகளும் அணிகளும் சிற்சில இடங்களில் வழியின் கடுமையை மூடிவிடுகின்றன. பனியனின் எளிய உரைநடையில் சேறு சேறாகவே நாறுகின்றது. காப்பியத்திலோ அதன்மேல் மலர் தூவப்படுகின்றது. ஆயினும் பாடுகளைப் பாடுமிடத்துக் கவிஞரின் புலமை பின்னிற்க, உள்ளமே முன்னிற்கின்றது. அப்பகுதி ஒன்றே அவர்க்கு நிலைத்த புகழ் தருதற்குப் போதுமானது.

இவ்விரு நூல்களும் ஒருங்கே உணர்த்துவது இது: துன்பம் ஆசிரியன் அன்று; தேர்வுக்கூடம். முன்பு பெற்ற வாக்கும், நமக்குமுன் துன்புற்றவரின் முகமும், கைகொடுக்கும் தோழனும் இருப்பின், ஆங்கே விசுவாசம் வேரூன்றும். இறுதி ஆற்றிலும் தலைவன் அமிழ்ந்து போகையில், தோழனே அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். ஆகவே, துன்புறுவோரிடம் சென்று துன்பத்தின் நன்மையைப் போதிப்பதினும், அவர் அருகே நின்று தாங்குவதே இந்நூல்களைக் கற்றதன் பயனாகும்.