உடம்பு சொல்லும் கதை

ஆட்சியின் 30ஆம் ஆண்டு, வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதம், ஏழாம் நாள். பண்டைய எகிப்தின் ‘சினுஹேயின் கதை’யில், நாயகன் சினுஹே தன் பட்டங்களைச் சொல்லி முடித்ததும் கதை இந்த நாளுக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கு எகிப்தின் மன்னர் முதலாம் அமெனெம்ஹெத் வானேறிச் சூரியனோடு கலக்கிறார். உடனே ஆசிரியர் நம்மை அரண்மனைக்குள் அழைத்துப் போகிறார். அங்கே பேச்சு மூச்சில்லை. இரட்டைப் பெருங்கதவுகள் அடைத்துக் கிடக்கின்றன. அரசவையினர் தலையை மடிமேல் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பேரரசு ஆட்டம் கண்டுவிட்டது என்று சொல்ல, கவிழ்ந்த அந்தத் தலைகளே அவருக்குப் போதும்.

ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் இதை எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவருடைய கைவண்ணம் மட்டும் கதை நெடுகத் தெரிகிறது. பயம், தாகம், முதுமை, மன்னிப்பு என்று எது வந்தாலும் அதை அவர் உடம்பில் ஏற்றித்தான் காட்டுவார். இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப லயிப்பது அந்த இடங்களில்தான்.

அவர் எடுத்துக்கொண்ட வடிவமே ஒரு துணிச்சல். அந்தக் காலத்து எகிப்திய அதிகாரிகள் தங்கள் கல்லறைச் சுவரில் வாழ்க்கைக் குறிப்பைப் பொறித்துவைப்பார்கள். வகித்த பதவி, மன்னர் காட்டிய பரிவு, செய்த நற்செயல் எல்லாம் தன் வாயாலேயே சொல்வதாக இருக்கும். சினுஹேயும் அப்படித்தான் பேசத் தொடங்குகிறான். இளவரசி நெஃப்ருவின் அந்தப்புரப் பணியாளன் என்று மிடுக்காகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். பெருமை பேசுவதற்கென்றே ஏற்பட்ட அந்த வடிவத்துக்குள், பயந்து ஓடிய ஒருவனின் கதையை ஆசிரியர் வைத்துவிடுகிறார்.

மன்னர் இறந்தபோது சினுஹே லிபியப் போரிலிருந்து திரும்பும் படையோடு இருக்கிறான். தலைமை தாங்குபவர் பட்டத்து இளவரசர் செனுஸ்ரெத். இரவில் தூதர்கள் வந்து செய்தி சொல்ல, இளவரசர் படைக்குக்கூடத் தெரிவிக்காமல் வல்லூறு போலத் தலைநகருக்குப் பறக்கிறார். ஆனால் கூடவந்த இன்னொரு அரசகுமாரனுக்கும் யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு பக்கத்தில் நின்ற சினுஹேயின் காதில் விழுகிறது. அவன் கேட்டது சதியா, சாதாரணச் செய்தியா? ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. கேட்டவனின் நெஞ்சு தடுமாறுகிறது, கைகள் விரிந்துபோகின்றன, அங்கமெல்லாம் நடுங்குகிறது. அவன் இரண்டு புதர்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறான். ரகசியம் நமக்குக் கிடைக்கவில்லை. நடுக்கம் மட்டும் முழுசாகக் கிடைக்கிறது.

ஓட்டத்தின் விவரங்களும் அப்படித்தான். அந்தி நேரத்தில் சுக்கான் இல்லாத ஒரு படகில் ஏறுகிறான். மேல்காற்று அதை ஆற்றின் குறுக்கே தள்ளிக்கொண்டு போகிறது. எல்லைக் கோட்டையை அடைந்ததும், மதில்மேல் நிற்கும் காவலாளி பார்த்துவிடுவான் என்று புதரில் குறுகி உட்கார்ந்து, இருட்டிய பிறகு கடக்கிறான். பாலைவனத்தில் தாகம் அவனை மடக்குகிறது. தொண்டை காய்ந்து புழுதியாகிறது. சாவு எப்படி இருக்கும் என்று அப்போது அவன் நாக்குக்கே தெரிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மாடுகள் கத்தும் ஓசை கேட்கிறது. மேய்ச்சல் கூட்டத்தின் தலைவர் முன்பு எகிப்துக்கு வந்து போனவர், ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார். தண்ணீர் கொடுக்கிறார், பாலும் காய்ச்சித் தருகிறார். கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்ட மாட்டின் குரல், அதன்பின் தண்ணீர், அதன்பின் காய்ச்சிய பால். உயிர் திரும்பும் வரிசை இதைவிடச் சரியாக இருக்க முடியாது.

சிரியா பக்கத்து மேல் ரெட்ஜெனுவின் தலைவர் அம்முநென்ஷி அவனுக்கு அடைக்கலம் தருகிறார். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கும்போது சினுஹே சொல்லும் பதில் உலக இலக்கியத்தில் அபூர்வமானது. யாரும் தன்னைக் குற்றம் சாட்டவில்லை, யாரும் தன் முகத்தில் துப்பவில்லை, ஆனாலும் எது தன்னை இங்கே கொண்டுவந்தது என்று தெரியவில்லை என்கிறான். அதோடு ஓர் உவமை சொல்கிறான். வடகோடிச் சதுப்புநிலத்துக்காரன் ஒருவன் திடீரென்று தென்கோடி எலிஃபண்டைனில் தன்னைக் கண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்ததாம். நாட்டைவிட்டே ஓடிவந்தவன் தன் திகைப்பைச் சொல்ல, நாட்டின் இரண்டு முனைகளைத்தான் எடுத்துக்கொள்கிறான். எவ்வளவு தூரம் வந்தாலும் அவன் மனசுக்கு அளவுகோல் எகிப்துதான். ஆசிரியர் இதை எங்கும் விளக்குவதில்லை. உவமைக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

பிறகு செல்வம் வருகிறது. தலைவரின் மூத்த மகளை மணக்கிறான். அத்தியும் திராட்சையும் விளைகிற, தண்ணீரைவிட மது மலிந்த இயா என்னும் நிலம் கிடைக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு குலத்தின் தலைவர்கள் ஆகிறார்கள். ரெட்ஜெனுவின் மாவீரன் ஒருவன் அவனைச் சண்டைக்கு அழைக்கிறான். சினுஹேயின் அம்பு அவன் கழுத்தில் தைக்கிறது. அந்த மாவீரனுடைய கோடரியாலேயே சினுஹே அவனை வெட்டி வீழ்த்துகிறான். எதிரியின் பொருளும் மந்தையும் இவன் கைக்கு வருகின்றன. வெற்றியின் உச்சியான அந்த இடத்தில்தான் ஆசிரியர் ஊர் ஏக்கத்தை வைக்கிறார். பிறந்த மண்ணில் தன் உடல் அடக்கமாவதைவிடப் பெரிது என்ன இருக்கிறது என்று தெய்வத்திடம் மன்றாடுகிறான். பசித்தவன் வீட்டை நினைப்பதில் வியப்பில்லை. எல்லாம் நிறைந்தவன் நினைக்கும்போதுதான் அந்த ஏக்கத்தின் ஆழம் தெரிகிறது. அப்போது அவன் உடம்பும் தளர்ந்திருக்கிறது. கண் மங்குகிறது, கை சோர்கிறது, கால் மனசின் பின்னால் வர மறுக்கிறது.

இப்போது மன்னராகிவிட்ட செனுஸ்ரெத்திடமிருந்து ஓலை வருகிறது. கடிந்து ஒரு சொல் இல்லை. ஊருக்கு வந்தால் நடக்கப்போகும் இறுதிச் சடங்கை மன்னர் வரிசையாக எழுதியிருக்கிறார்: தைலங்களோடு ஓர் இரவு, நெசவுக் கடவுள் தாயெத்தின் கைத்துணி, பொன்னால் ஆன பெட்டி, நீலக்கல் தலை, இழுத்துச்செல்லக் காளைகள், முன்னால் பாட்டுக்காரர்கள். அந்நிய நாட்டில் ஆட்டுத்தோலில் சுற்றிப் புதைபட வேண்டாம் என்கிறார். சாவை இவ்வளவு விவரமாக வாக்களிக்கும் கடிதம் நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். உடல் கெடாமல் இருந்தால்தான் மறுமை உண்டு என்று நம்பிய எகிப்தியனுக்கு இதைவிட அன்பான கடிதம் கிடையாது. சினுஹே மண்ணை அள்ளித் தலைமுடியில் தூவிக்கொண்டு, கூவியபடி பாளையத்தைச் சுற்றி வருகிறான்.

திரும்பும் பயணத்தில் மறுபடியும் ஆற்றில் படகு வருகிறது. இந்தத் தடவை ஆள் நிறைந்த படகு. அவன் பக்கத்திலேயே ரொட்டிக்கு மாவு பிசைகிறார்கள், பீர் வடிகட்டுகிறார்கள். சுக்கான் இல்லாமல் போனவன் சமையல் மணத்தோடு வீடு திரும்புகிறான் என்று ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. கவனித்துப் படிப்பவருக்கென்று அதை விட்டுவைத்திருக்கிறார்.

சபையில் மன்னரைக் கண்டதும் சினுஹே மூர்ச்சையாகிவிடுகிறான். இதுதான் சினுஹே என்று மன்னர் காட்டும்போது, அன்றைய இளவரசியாகிய அரசி நெஃப்ரு வீறிட்டுக் கத்திவிடுகிறார். அரசகுமாரர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவ்வளவு மாறியிருக்கிறான். அதன்பின் குளியல், இந்தக் கதையின் மகுடம். சவரம் செய்கிறார்கள், முடியைச் சீவுகிறார்கள், அவன் உடம்பிலிருந்து ஆண்டுகளையே கழுவி எடுக்கிறார்கள். அழுக்கு பாலைவனத்துக்குத் திரும்பிப் போகிறது, பழைய உடை மணல்வாசிகளுக்குப் போகிறது. மெல்லிய துணி உடுத்தி, நல்ல தைலம் பூசி, அவன் கட்டிலில் படுக்கிறான். சந்தோஷம் என்றோ நிம்மதி என்றோ இங்கே ஆசிரியர் எழுதியிருக்கலாம். அவர் எழுதுவது முடியையும் துணியையும் தைலத்தையும்தான். அன்று தலையில் தூவிய மண்ணும் சேர்ந்தே கழுவப்படுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிரமிடுகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு கல் கல்லறை எழும்புகிறது, பொன் பூசிய சிலையும் அமைகிறது. எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்தும், எகிப்திய ஊரான தெய்ர் எல்-மதீனாவின் எழுத்தர்கள் இந்தக் கதையைச் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் காலத்தில் எகிப்தின் நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ் 1941இல் சினுஹேயின் திரும்புகையை ஒரு சிறுகதையாக்கினார். இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் அதன் சம்பவங்கள் மட்டும் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். பட்டங்களும் மன்னர் புகழ்ச்சியும் வரும் பத்திகளை வேகமாகக் கடந்துவிடலாம். தொண்டை, கை, கால், தலைமுடி என்று வரும் இடங்களில் நிதானமாக நின்று படிக்க வேண்டும். அந்த ஆசிரியர் தன் முழுக் கலையையும் அங்கேதான் செலவழித்திருக்கிறார்.