நீர் இறங்கும் வாசல்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், இங்கிள்பரோ மலைச்சரிவில் ஓடிவரும் ஃபெல் பெக் ஓடை, கேப்பிங் கில் குழியின் விளிம்பில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. அந்தக் குழியை விட, அதற்கு மேலே பரந்திருக்கும் பீட் நிலமே என்னை அதிகம் ஈர்க்கிறது. மட்கியும் மட்காத பாசியும் புல்லும் சேர்ந்த அந்தக் கறுத்த மண்ணில் ஊறிய மழைநீர், தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி, அமிலமேறிக் கீழே வருகிறது. சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் வெடிப்புகளில் புகுந்து கரைக்கிறது. பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணும் அந்த வெடிப்புகளுக்குள் சரிய, புல்வெளியெங்கும் சிறு பள்ளங்கள். எவ்வளவு பொறுமையான வேலை!

1895இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் மார்தெல் கயிற்றேணியில் முதன்முதலாகக் கேப்பிங் கில்லின் அடியைத் தொட்டார். விழுந்த நீர் இங்கிள்பரோ குகையருகே வெளிவருகிறது. குழிக்கும் குகைக்கும் இடையே மனிதர்கள் வழி கண்டது 1983இல்தான்.