வாளின் துறையில் ஒரு தூது

தொப்பூர்க் கணவாய் ஏறினால் தருமபுரி, அதியமானின் தகடூர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். அதற்கு நம்மிடம் உள்ள ஆவணம் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் எள்ளும் பாட்டு அது. ஆனால் அதற்கு வகுத்திருக்கும் துறை வாண்மங்கலம், அதாவது வாளைப் போற்றுதல். தூது என்ற செய்தி பாட்டில் இல்லை. அடியில் உள்ள குறிப்பில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

1984இல் யாழ்ப்பாணத்தில், கைதான இளைஞர்களுக்காகத் தெருவில் இறங்கிய அன்னையர் முன்னணியை எந்தத் துறையில் வைக்கப்போகிறோம்? ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' என்ற இணைய ஆவணகம் காத்துவருகிறது. காப்பது பாதி வேலை. 'சமாதானம்' என்று தேடும் மாணவிக்கு அந்தத் தாய்மார்கள் கிடைக்க வேண்டும், போரின் அடிக்குறிப்பாக அல்லாமல்.