யாருடைய கை? – ஆர்மீனியக் கைவினைப் பண்டங்களை முன்வைத்து

‘கையால் செய்தது’ என்று சீட்டு ஒட்டிய ஒரு பண்டத்தைப் பார்த்ததும் நம்மில் கொஞ்சம் மார்க்ஸ் படித்தவர்கள் என்ன சொல்வோம் என்பது தெரிந்ததுதான். கை தெரிகிறது, கைக்குரியவர் தெரியவில்லை. உழைப்பைப் புகழ்கிறார்கள், கூலியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆக இது பண்ட மாயை, கதை முடிந்தது. ஆர்மீனியர் விஷயத்தில் இவ்வளவு சுளுவாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பது என் கட்சி.

இணையக் கடைகளில் ஆர்மீனியாவின் பெயரால் விற்கப்படுகிறவை என்னென்ன? பீங்கானில் மாதுளம்பழம், மரத்தில் செதுக்கிய சிறு சிலுவைக்கல், உலர்த்திய ஆப்ரிகாட், நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கியெடுத்த வால்நட் சரம், ஊசிப்பின்னல், கம்பளம், எல்லாவற்றின் மேலும் அராரத் மலைப் படம். அந்த மலை 1921 கார்ஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியில் இருக்கிறது. யெரெவான் நகரத்து மாடியில் நின்றால் தெரியும். நடுவில் இருக்கிற எல்லை 1993-இல் மூடப்பட்டது. இவற்றை வாங்குகிறவர்களில் சுற்றுலா ரசிகர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ், பாரிஸ், பெய்ரூட் என்று சிதறிக் கிடக்கிற, 1915 இனப்படுகொலையில் தப்பியவர்களின் பேரன் பேத்திகளும் உண்டு. திரும்பிப் போக ஊர் இல்லாதவர் அலமாரியில் வைக்கும் மாதுளம்பழத்தை வெறும் ‘நுகர்வு’ என்று ஒதுக்குவது விமர்சனம் ஆகாது, திமிர்.

சரி, அப்படியானால் இந்தப் பண்டங்களைப் பிரதிகளாக வாசிப்போம். பிரதி என்றால் எழுதியவர் யார், யாருக்காக, எதை அழித்துவிட்டு என்று கேட்டாக வேண்டும். கராபாக் பகுதியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும், 1700-ஐ ஒட்டிய காலத்துக் கம்பளம் ஒன்று உண்டு. அதில் ஆர்மீனிய எழுத்தில் ஒரு வாசகம் நெய்யப்பட்டிருக்கிறது. கோஹர் என்ற பெண், தான் பாவம் நிறைந்தவள் என்றும், புதிதாகப் பழகிய தன் கைகளால் இதை நெய்ததாகவும், வாசிக்கிறவர் தனக்காக இரக்கத்தோடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறாள். கை இங்கே தன் பெயரைச் சொல்கிறது. வாசகரிடம் ஒரு பதிலையும் எதிர்பார்க்கிறது. இன்றைய ‘கையால் செய்தது’ சீட்டு எதையும் கேட்பதில்லை, உங்களுக்கு மனநிறைவைத் தருகிறது, அவ்வளவுதான்.

கோஹருக்கும் இந்தச் சீட்டுக்கும் நடுவே இன்னொரு கம்பளம் விரிந்து கிடக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அமெரிக்க நிவாரண அமைப்பு ஒன்று, நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்று பெயர், லெபனானில் காஸீர் என்ற ஊரில் இல்லம் நடத்தியது. சிறுமிகளுக்குப் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமென்று கம்பளத் தறிகள் போட்டார்கள். அங்கே சுமார் 400 சிறுமிகள் உழைத்துப் பத்து மாதத்தில் ஒரு பெரிய கம்பளத்தை முடித்தார்கள். 44 லட்சத்துக்கும் மேல் முடிச்சுகள். வகுத்துப் பார்த்தால் ஞாயிறு, திருநாள் எதுவும் விடாமல் நாளொன்றுக்குப் பதினாலாயிரத்துக்கும் அதிகம். பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நெய்தது ஏதேன் தோட்டத்தை, அதன் மிருகங்களை. 1925-இல் அது அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜுக்குப் பரிசாகப் போனது. கம்பளத்தின் பின்பக்கம் தைத்த சீட்டில் இருந்தது நன்றி. ஒரு சிறுமியின் பெயர்கூட அதில் இல்லை.

இதைத்தான் கவனிக்க வேண்டும். சோறு போட்டவருக்கு நன்றி சொல்வதில் தப்பில்லை. ஆனால் நன்றி என்ற ஒற்றைச் சொல்லாடலுக்குள் அந்தக் கைகளை அடைத்துவிட்டால், அவை கண்ட எதையும் பிறகு பேச முடியாமல் போகிறது. 2013-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் அதைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு நடந்தபோது வெள்ளை மாளிகை இரவல் தர மறுத்தது. இனப்படுகொலை என்ற வார்த்தையை உச்சரித்தால் துருக்கி முகம் சுளிக்குமே என்பதுதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. 2014 நவம்பரில் சில நாள் மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அந்த வார்த்தையை ஏற்றது 2019-இல், ஜனாதிபதி பைடன் சொன்னது 2021-இல். பரிசாக வாங்கத் தெரிந்தது. எதற்கு அத்தாட்சி என்று ஒப்புக்கொள்ளத் தொண்ணூற்றைந்து வருஷம் பிடித்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ‘ஆர்மீனியர்’ என்ற அடையாளத்தை ஒற்றைக் கட்டியாகப் புனிதப்படுத்தவும் நான் தயாராக இல்லை. அதற்குள்ளும் வர்க்கம் இருந்தது. நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஈரானின் புதிய ஜூல்ஃபாவிலிருந்து கிளைத்த வணிகர்கள் சென்னைக்கு வந்து துணியிலும் ரத்தினத்திலும் வாணிபம் செய்தார்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் இங்கே அச்சானது. அரண்மனைக்காரத் தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்றும் பேர். பெருமைதான். ஆனால் அவர்கள் கைமாற்றிய சோழமண்டலக் கரைத் துணிகளை நெய்த கைகளின் பெயரை நம்மில் யாருக்குச் சொல்லத் தெரியும்? விற்கிறவன் எந்த இனமானாலும் செய்கிறவர் கை சரக்குக்குள் மறைந்துபோகிறது.

அரசுகள் செய்வதும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில். லவாஷ் ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து மாவைத் தேய்த்து, வைக்கோல் திணித்த மெத்தையில் இழுத்து விரித்து, மண் அடுப்பின் உட்சுவரில் அறைகிறார்கள். ஒரு நிமிஷத்துக்குள் வெந்துவிடும். காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், தண்ணீர் தெளித்தால் திரும்ப மெத்தென்று ஆகும். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் இது ஆர்மீனியாவின் பண்பாடாக ஏறியது. 2016-இல் அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஐந்தும் கூட்டாக லவாஷையும் சேர்த்துத் தட்டை ரொட்டி மரபைப் பதிவுசெய்தன. ரொட்டி யாருடையது என்பதுதான் சண்டை. குனிந்து குனிந்து அடுப்புச் சூட்டில் வேகிற முகம் யாருடையது என்று யார் கேட்டார்கள்?

2023 செப்டம்பரில் நகோர்னோ கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வெளியேறினார்கள். அதற்கு முன் ஒன்பது மாசம் லாச்சின் பாதை அடைபட்டுக் கிடந்தது. ஸ்டெபனகெர்ட் நகரருகே 1967-இல் சர்கிஸ் பக்தசாரியன் செய்த கற்சிற்பம் நிற்கிறது. மண்ணிலிருந்து முளைத்தது மாதிரி இரண்டு தலைகள், ஜனங்கள் ‘பாட்டி-தாத்தா’ என்பார்கள். மூலம் அங்கே, அதைத் தங்கள் சின்னமாகக் கொண்டவர்கள் வேறெங்கோ; கையடக்கப் பிரதிகள்தான் விற்பனைக்கு. மூலம் இல்லாத நகல் என்று பின்நவீனத்துவம் படித்த நண்பர்கள் துள்ளுவார்கள். மூலம் இருக்கிறது ஐயா, போகத்தான் முடியவில்லை.

கராபாக் பெண்கள் கையில் எடுத்துவர முடிந்தது ஜிங்யாலோவ் ஹாட்ஸ் செய்யும் பக்குவம். பத்துக்கு மேற்பட்ட கீரைகளைப் பொடியாக நறுக்கி, மாவுக்குள் பொதிந்து, தட்டையாக்கிச் சுடுகிற ரொட்டி அது. அதற்கான காட்டுக் கீரைகளை மலைச்சரிவில் பறிப்பது வழக்கம். எது எந்த வாரத்தில் முளைக்கும், எதை எவ்வளவு சேர்த்தால் கசக்காது என்பது அவர்களுக்கு அத்துப்படி. இப்போது அந்த ரொட்டி ‘கராபாக்கின் ருசி’ என்று விலை போகிறது. அதைச் சுடுகிறவளுக்குக் கராபாக்கில் இருந்த வீட்டின் சாவிக்கு மட்டும் விலை போடுவார் இல்லை. ஒரு ரொட்டிக்குக் கீரை ஆய எவ்வளவு நேரம், அந்த நேரத்துக்கு என்ன கூலி, அவள் பெயர் என்ன – இந்த மூன்றையும் சீட்டில் அச்சடிக்க இரண்டு அங்குல இடம் போதும்.